அகழியும் ஓதமும்: வேலூர்க் கோட்டையும் கொலாபா தீவும்

ஒரே நாளில் இரண்டு முறை தீவாகவும் இரண்டு முறை கரையோடு சேர்ந்த பாறையாகவும் மாறுகிற இடம் ஒன்று மேற்குக் கடற்கரையில் இருக்கிறது. மும்பைக்குத் தெற்கே அலிபாக் கடற்கரையில் நின்றால், எதிரே ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் கறுத்த மதில் ஒன்று தெரியும். அதுதான் கொலாபா கோட்டை. கடல் ஏறிவிட்டால் படகு வேண்டும். வற்றிவிட்டால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தே போகலாம். உள்ளே குடித்தனம் கிடையாது. ஒரு பிள்ளையார் கோயில், ஒரு தர்கா, படிக்கட்டு வைத்த ஒரு குளம், இடிந்த மாளிகையின் அடித்தளம், இரண்டு பீரங்கிகள். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இவை மதிலுக்குள் கிடக்கின்றன.

இந்தக் கோட்டையை நம் வேலூர்க் கோட்டையோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் எண்ணம். காவேரிப்பாக்கத்துக்காரனுக்குத் தண்ணீரைத் தடுத்து நிறுத்துவது பற்றி யோசிக்கச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தவன் எந்தத் தண்ணீரைப் பார்த்தாலும் அது எங்கிருந்து வருகிறது, எந்த மதகு வழியாகப் போகிறது என்றுதான் முதலில் கேட்பான். கோட்டைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மதிலையும் மன்னரையும் எழுதுகிறார்கள். இந்த இரண்டு கோட்டைகளையும் காத்தது தண்ணீர். ஒன்றில் கடல் தானாக வந்து காத்தது. மற்றதில் மனிதர்கள் தண்ணீரைக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். இரண்டிலும் இன்று எது மிஞ்சியிருக்கிறது, எது போனது என்பதற்கு இந்த வேறுபாடே பாதிக் காரணம் என்று நினைக்கிறேன்.

கடலின் ஏற்ற இறக்கத்தால், அதாவது ஓதத்தால், உண்டாகும் ஓதத்தீவு நம் ஊர்க்காரர்களுக்குப் பழக்கமில்லாத சங்கதி. காரணம் எளிது. சென்னைக் கடற்கரையில் கடல் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். காலையில் பார்த்த மெரினாவுக்கும் மாலையில் பார்க்கும் மெரினாவுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. மும்பைப் பக்கம் அப்படியில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நான்கு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். சில நாட்களில் ஐந்தைத் தொடும். இரண்டு ஆள் உயரத் தண்ணீர் ஆறு மணி நேரத்தில் வந்து, அடுத்த ஆறு மணி நேரத்தில் போய்விடுகிறது. கடலடியில் ஒரு மேட்டுப்பாறை இருந்து, கரைக்கும் அதற்கும் நடுவில் தாழ்வான தரையும் இருந்தால் ஓதத்தீவு ஒன்று கிடைத்துவிடும். கொங்கணக் கரையில் அப்படிப்பட்ட இடங்கள் இருக்கின்றன. சோழமண்டலக் கரையில் ஓதம் அதைச் செய்வதில்லை.

அலிபாக்கில் குதிரை வண்டி ஓட்டுகிற பெரியவர் ஒருவர் எனக்கு ஒரு கணக்குச் சொல்லித்தந்தார். அன்றைய திதியை முக்காலால் பெருக்கு, கடல் நிறையும் நேரம் கிடைக்கும். அஷ்டமி என்றால் எட்டு முக்கால் ஆறு. ஆறு மணிக்கு நிறைவு. அதிலிருந்து ஆறு மணி நேரம் கழித்து, பன்னிரண்டு மணிக்கு வற்றம். பௌர்ணமி என்றால் பதினைந்து முக்கால் பதினொன்றேகால். பகலில் பதினொன்றேகாலுக்கு நிறைந்தால், காலை ஐந்தேகாலை ஒட்டியும் மாலை ஐந்தேகாலை ஒட்டியும் வற்றியிருக்கும். கடல் நிறைகிற நேரம் ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப்போகிறது. நிலவு அப்படித் தள்ளி உதிப்பதால் வரும் கணக்கு அது. முக்கால் மணி என்று வைத்துக்கொண்டது மனக்கணக்குக்கு வசதி. நாம் பஞ்சாங்கத்தைக் கல்யாணத்துக்கும் திவசத்துக்கும் புரட்டுகிறோம். அங்கே மீனவர்கள் அதே திதியை வைத்துக்கொண்டுதான் படகை இறக்குகிறார்கள்.

அந்தக் கணக்கில் ஒரு நுட்பமும் உண்டு. அஷ்டமி, நவமி நாட்களில் நடுப்பகலில் கடல் வற்றுகிறது. வெளியூர்க்காரர்களுக்கு வசதியான நேரம். ஆனால் அந்த நாட்களில் வற்றம் குறைவு. முழங்காலுக்கு மேல் தண்ணீர் நிற்கலாம். கடல் நன்றாக உள்வாங்குவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான். அப்போது விடியலிலோ அந்தியிலோ போக வேண்டும். நடந்து போகும்போது காலடியில் மணல் பாதி, பாறை பாதி. பாறை முழுக்கச் சிப்பி ஒட்டியிருக்கும். செருப்பில்லாமல் கால் வைத்தால் கீறிவிடும். மதிலை நெருங்கினால், எந்த மட்டம் வரை கடல் வந்து போகிறது என்பதைக் கல்லே காட்டும். கீழே பாசியும் சிப்பியும் அப்பிய கரும்பச்சைப் பட்டை. அதற்கு மேலே உலர்ந்த, காற்றரித்த கல். மதிலின் கீழ்ப்பகுதியில் பெரிய பெரிய பாறைத் துண்டுகளைச் சாந்து பூசாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். அலை மோதினால் தண்ணீர் இடுக்குகளில் புகுந்து வெளியேறிவிடுகிறது. அடியின் வேகம் அங்கேயே சிதறிவிடுகிறது. மூன்று நூற்றாண்டுக்கு மேல் அரபிக்கடலின் ஆடி மாதத்து அலைகள் அடித்தும் அந்தக் கற்கள் நிற்கின்றன.

சிவாஜி இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், 1680 மார்ச்சில் கொலாபாவின் வேலை தொடங்கியது. அவர் மகன் சம்பாஜி காலத்தில், 1681-இல் முடிந்தது. வடக்கு தெற்காக 900 அடி, கிழக்கு மேற்காக 350 அடி. கணக்குப் போட்டால் ஏழு ஏக்கருக்குச் சற்றே கூடுதல். நம் ஊரில் ஒரு சுமாரான விவசாயியின் நிலம். அதற்குள் ஒரு கடற்படையின் தலைமையிடமே இருந்தது. 1713-இல் பேஷ்வா பாலாஜி விஸ்வநாத்துடன் செய்த உடன்பாட்டில் கொலாபா உட்படப் பல கோட்டைகள் மராட்டியக் கடற்படைத் தலைவர் கானோஜி ஆங்கரேயின் கைக்கு வந்தன. மேற்குக் கரையில் போன ஆங்கிலேயக் கப்பல்களையும் போர்த்துகீசியக் கப்பல்களையும் அவர் தடுத்து நிறுத்தி வரி கேட்டார். அவர்கள் அவரைக் கடற்கொள்ளையர் என்று எழுதினார்கள். தன் கடலில் தன் அனுமதிச் சீட்டில்லாமல் போகக்கூடாது என்று சொன்ன ஆட்சியாளர் அவர் என்பதுதான் என் கணிப்பு. அதே சீட்டு முறையைப் போர்த்துகீசியர் இந்தக் கடலில் அவருக்கு முன்பே வெகுகாலம் நடத்தியிருந்தார்கள். அதை யாரும் கொள்ளை என்று சொல்லவில்லை.

1721-இல் இரண்டு ஐரோப்பியர்களும் கைகோத்து வந்தார்கள். போர்த்துகீசியத் தரைப்படையோடு சேர்ந்து 6,000 பேர். கமடோர் மேத்யூஸ் தலைமையில் ஆங்கிலேயப் போர்க்கப்பல்கள். கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. பேஷ்வாவின் படை துணைக்கு வந்து சேர, போர்த்துகீசியர் தனியாகச் சமாதானம் பேசிக்கொண்டார்கள். ஆங்கிலேயர் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

இனி வேலூர். 1566-இல் விஜயநகர அரசின் கீழிருந்த சின்ன பொம்மி நாயக்கர் கட்டியது என்று சொல்லப்படும் இந்தக் கோட்டை 133 ஏக்கர். கொலாபாவைப்போல் பதினெட்டு கோட்டைகளை உள்ளே வைக்கலாம். அரண்மனைகள், பெரிய சிவன் கோயில், படை முகாம் எல்லாம் கொண்ட ஒரு நகரமே இதற்குள் இருந்தது. விஜயநகரத்தின் கடைசி அரச மரபு தலைநகரமாக வைத்திருந்த இடம். 1614-இல் இரண்டாம் ஸ்ரீரங்கரும் குடும்பமும் கொலை செய்யப்பட்டதும் இதற்குள்தான். சுற்றிலும் கருங்கல் மதில், வட்டக் கொத்தளங்கள், அதற்கு வெளியே அகலமான அகழி. அகழிக்குத் தண்ணீர் வந்தது சூரியகுண்டம் என்னும் ஏரியிலிருந்து, நிலத்தடிக் குழாய் வழியாக.

இந்தக் குழாய்தான் என்னை வியக்க வைக்கிறது. வேலூரில் கடல் இல்லை. பக்கத்தில் ஓடும் பாலாறோ ஆண்டில் பெரும்பகுதி மணல். அங்கே ஒரு கோட்டைக்கு நீர்வேலி போட வேண்டும் என்றால், மலையடிவாரத்தில் மழைநீரைத் தேக்க வேண்டும். தேங்கியதை எதிரியின் கண்ணில் படாமல் பூமிக்கடியில் கொண்டுவர வேண்டும். அகழியின் மட்டம் ஏறினால் மிச்சத்தைப் பாலாற்றுப் பக்கம் இறக்கிவிட வேண்டும். தமிழ்நாட்டில் ஏரி வெட்டுகிறவர்கள் காலங்காலமாகச் செய்துவந்த வேலை இது. வரத்துக்கால், மதகு, கலங்கல் என்று வயலுக்காகக் கற்ற தொழிலை அப்படியே போருக்குத் திருப்பினார்கள். கொலாபாவைக் கட்டியவர்கள் கடலின் கணக்கைத் தெரிந்துகொண்டு அதற்குள் இடம்பிடித்தார்கள். வேலூரைக் கட்டியவர்கள் தண்ணீரின் கணக்கைத் தாங்களே எழுதினார்கள்.

இரண்டையும் ஒரே ஆளோடு சேர்க்கும் நூல் ஒன்று உண்டு. 1677-இல் சிவாஜி தெற்கே வந்தபோது செஞ்சி சீக்கிரமே கைக்கு வந்தது. பீஜப்பூர்ப் படை காத்துநின்ற வேலூர் வரவில்லை. சுமார் பதினான்கு மாதம் முற்றுகை நீண்டு, 1678-இல்தான் சரணடைந்தது. அதற்குள் அவர் திரும்பிப் போய்விட்டார். கிருஷ்ணாஜி அனந்த் சபாசத் என்பவர் 1690-களில் எழுதிய சிவாஜி வரலாற்றில் வேலூர் அகழியைப் பற்றிச் சொல்லும்போது பதினாயிரம் முதலைகள் இருந்ததாக எழுதுகிறார். அவர் அதை எழுதியது செஞ்சியில் இருந்துகொண்டு. எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் அந்த அகழி மராட்டியர் மனத்தில் எப்படிப் பதிந்திருந்தது என்பதற்கு அந்த எண் சாட்சி. கோட்டையை எதிர்கொள்ள, பக்கத்து மலைகளில் சாஜரா, கோஜரா என்று இரண்டு அரண்களை எழுப்பி அங்கிருந்து பீரங்கி வைத்தார்கள் என்றும் அதில் வருகிறது.

வேலூர் விழுந்து இரண்டு ஆண்டுக்குள் கொலாபாவில் வேலை தொடங்கியது. வேலூரில் பட்ட பாட்டில்தான் கடலுக்குள் கோட்டை கட்டும் யோசனை வந்தது என்று முடிச்சுப் போடக் கை துடிக்கும். அது சரியில்லை. சிந்துதுர்க்கம் என்னும் கடற்கோட்டையை 1664-இலேயே கட்டத் தொடங்கிவிட்டார்கள். நீரைக் காவலுக்கு வைப்பது சிவாஜிக்குப் புதிது அல்ல. என்றாலும் ஒரே தலைமுறைப் படைவீரர்கள் ஒரு நீர்க்கோட்டையின் வெளியே மாதக்கணக்கில் காத்துக் கிடந்ததையும் இன்னொரு நீர்க்கோட்டைக்குள் இருந்துகொண்டு எதிரியைக் காக்க வைத்ததையும் சேர்த்துப் பார்க்கும்போது, தண்ணீரின் பலமும் பலவீனமும் அவர்களுக்கு எவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்கும் என்று தோன்றுகிறது.

பலவீனம் இரண்டுக்கும் வேறு வேறு. ஓதம் நாளைக்கு இரண்டு முறை தானாகவே பாதையைத் திறந்துவிடுகிறது. திறக்கிற நேரம் எதிரிக்கும் தெரியும். ஆனால் உள்ளே ஓடிவரும் படைக்கு இரண்டு மூன்று மணி நேரம்தான்; அதற்குள் மதிலைப் பிடிக்காவிட்டால் பின்னால் கடல் ஏறிவிடும், திரும்பிப் போகவும் வழியில்லை. பீரங்கியை ஈர மணலில் இழுத்து வருவது அதைவிடக் கடினம். கானோஜி இதையும் விட்டுவைக்கவில்லை. 1720-இல் அலிபாக் கரையிலேயே ஹிராகோட் என்ற சிறு கோட்டையைக் கட்டிப் பாதையின் இந்த முனையை அடைத்தார். வடக்கே கொலாபாவை ஒட்டிய பாறைமேட்டில் சர்ஜேகோட் என்று இன்னொரு சிறு அரண். எதிரி அதில் ஏறி நின்று சுடக்கூடாது என்பதற்காக. அப்படி எதிரிக்கு உதவக்கூடிய மேடுகளை முன்கூட்டியே மூடிவிட்டார்கள். வேலூரின் குறையே அதுதான். அகழி எத்தனை அகலமாக இருந்தாலும் கிழக்கே மலைகள் கோட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றன. மலைமேல் ஏறியவனுக்கு அகழி ஒரு தடையே இல்லை.

அகழியின் இன்னொரு எல்லை 1806 ஜூலை 10 அன்று தெரிந்தது. எதிரி வெளியே இருக்கிறான் என்று நினைத்துக் கட்டியது அகழி. தலைப்பாகையை மாற்று, நெற்றியில் குறி வைக்காதே, காதில் கடுக்கன் போடாதே என்று கும்பினி போட்ட உத்தரவுகளுக்கு எதிராக எழுந்த இந்தியச் சிப்பாய்கள் உள்ளேயே இருந்தார்கள். விடியுமுன் கோட்டை அவர்கள் கையில். ஆர்க்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து, காலையிலேயே வாசலை உடைத்து உள்ளே புகுந்தார். பதினான்கு மாதம் மராட்டியரைத் தடுத்த நீர் அன்று ஒரு காலைப்பொழுதைக்கூடத் தடுக்கவில்லை. உள்ளே சிக்கிய சுமார் நூறு சிப்பாய்களைச் சுவரோடு நிறுத்திச் சுட்டார்கள்; அவர்கள் தப்பி ஓடவும் அதே அகழிதான் குறுக்கே நின்றது. வேலூர்க் கோட்டையை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கடைசிச் செய்திதான் எனக்கு முதலில் வருகிறது.

பிறகு இரண்டு கோட்டைகளின் தலைவிதியும் பிரிந்தது. கொலாபாவுக்குக் கடல் தீங்கு செய்யவில்லை. தீயும் மனிதர்களும் செய்தார்கள். 1729-இல் ஒரு பெரிய தீ. 1787-இல் இன்னொரு தீயில் ஆங்கரேக்களின் மாளிகை எரிந்தது. 1840-இல் வாரிசில்லை என்று சொல்லி ஆங்கிலேயர் அந்த அரசை எடுத்துக்கொண்டார்கள். 1842-இல் உள்ளே மிஞ்சியிருந்த மரக் கட்டடங்களை ஏலம் விட்டுவிட்டு, கற்களை அலிபாக்கின் குடிநீர் வேலைக்கு எடுத்துப் போனார்கள். இன்று வடபுறம் சக்கரத்தில் நிற்கும் இரண்டு பீரங்கிகளில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் உள்ள லோ மூர் இரும்பாலையின் பெயரும் 1849 என்ற ஆண்டும் இருக்கின்றன. ஆங்கரேக்களின் பீரங்கி என்று அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவை ஆங்கரே ஆட்சி முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின் வார்த்தவை. சிதைவுகளைப் பார்க்கப் போகிறவர் அந்த எழுத்தைக் குனிந்து ஒருமுறை படித்துவிட்டு வர வேண்டும்.

மிஞ்சியது வழிபாடு. 1759-இல் ரகுஜி ஆங்கரே கட்டிய சித்திவிநாயகர் கோயிலில் பிள்ளையாரோடு சிவன், விஷ்ணு, சூரியன், அம்மன் என்று ஐவர். ஹாஜி கமாலுதீன் ஷாவின் தர்காவுக்கும் ஆட்கள் போகிறார்கள். யாரும் குடியில்லாத தீவுக்குக் கடல் வற்றும் நேரம் பார்த்து மக்கள் பூவோடும் தேங்காயோடும் நடந்து வருகிறார்கள்.

வேலூரில் நேர்மாறாக நடந்தது. கோட்டையை விட்டு மனிதர்கள் போகவே இல்லை, சாமி போய்விட்டார். ஜலகண்டேஸ்வரர் கோயிலில் வழிபாடு நின்று, கோயில் ஆயுதக் கிடங்காக இருந்தது. கல்யாண மண்டபத்தில் பாயும் யாளிகளும் குதிரைகளும் யாரும் கும்பிட வராமல் நின்றுகொண்டிருந்தன. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981 மார்ச்சில் ஊர்மக்கள் மறைவாகக் கொண்டுவந்து கருவறையில் வைத்தார்கள். தொல்லியல் துறையின் விதிப்படி, வழிபாடு இல்லாமல் கைக்கு வந்த நினைவுச்சின்னத்தில் புதிதாக வழிபாடு தொடங்கக் கூடாது. இருந்தும் நடந்துவிட்டது. இதில் விதிதான் சரி என்று வாதிடுகிறவர்களை மதிக்கிறேன். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தப் பிராகாரத்தில் போய் உட்கார்ந்து பார்த்தவர்கள், அந்தக் கோயிலை மறுபடி வெறும் சிற்பக்கூடமாக நினைத்துப் பார்ப்பது கடினம். பக்கத்தில் பள்ளிவாசல், 1846-இல் எழுந்த தேவாலயம், அருங்காட்சியகம், அரசு அலுவலகங்கள். திப்புவின் குடும்பமும், கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கரும் சிறையிருந்த மாளிகைகள் இன்றும் இருக்கின்றன. தொடர்ந்து யாராவது பயன்படுத்திக்கொண்டே இருந்ததால்தான் வேலூரில் கூரைகள் நிற்கின்றன. கொலாபாவில் ஆள் நடமாட்டம் நின்றதால்தான் பழைய அடித்தளத்தின் மேல் புதுக் கட்டடம் ஏறவில்லை. எது மேல் என்று கேட்டால், ஆய்வாளனுக்குக் கொலாபா, ஊர்க்காரனுக்கு வேலூர் என்பேன்.

எங்கள் காவேரிப்பாக்கத்துக்கு இந்த இரண்டு வழியும் வாய்க்கவில்லை. இங்கிருந்த பழைய கோயில்களின் அருமையான சிற்பங்களைப் பார்க்க வேண்டுமென்றால் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். 1752 பிப்ரவரியில் கும்பினித் தளபதி கிளைவ், பிரெஞ்சுக்காரர் துணையோடு வந்த ராசா சாகிபை இங்கே தோற்கடித்தபோது இங்கும் ஒரு கோட்டை இருந்தது. சண்டைக்குப் பிறகு அது சரணடைந்தது. இன்று வெளியூர்க்காரர் யாரும் கோட்டையைத் தேடி இங்கே வருவதில்லை. ஏரியைப் பார்க்க வருகிறார்கள்.

ஏரி என்றதும் குடிநீருக்கு வருகிறேன். இந்த ஒப்பீட்டில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். கொலாபாவில் மதிலைவிட மதிப்பான பொருள் அதற்குள் இருக்கும் நல்ல தண்ணீர். சுற்றிலும் உப்புக்கடல், நடுவில் ஏழு ஏக்கரில் குளமும் கிணறும். அலிபாக்கில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, பெரும்பாலும் நான்கு மாதத்தில். அதைப் பிடித்துவைத்தால்தான் முற்றுகையைத் தாங்க முடியும். குளத்துப் படிகளில் இறங்கித் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கவில்லை. மதிலின் அந்தப் பக்கம் அலை அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

நம் பக்கம் கடல் வெகுதூரத்தில். ஆனால் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பகுதிகளில் எத்தனையோ கிணறுகள் கரித்துப் போயிருக்கின்றன. கடல் எப்படி இங்கே வந்தது? தோலோடு வந்தது. ஆட்டுத் தோலையும் மாட்டுத் தோலையும் உரித்த உடனே அழுகாமல் இருக்க உப்பைப் பூசி அடுக்குகிறார்கள். பதனிடும் இடத்தில் முதல் வேலை அந்த உப்பைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுவது. கழுவிய நீர் ஓடையில் இறங்கி, பாலாற்று மணலில் இறங்கி, கிணற்றுக்கு வந்தது. பதனிடும்போது சேரும் குரோமியத்தைச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஓரளவு படியவைத்துப் பிரிக்கலாம். கரைந்த உப்பை அப்படிப் பிரிக்க முடியாது. சவ்வூடு வடிகட்டிக் கொதிக்கவைத்துத்தான் எடுக்க வேண்டும், அதற்குச் செலவு அதிகம். எடுத்த உப்பைக் கொட்டவும் இடம் வேண்டும். வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் அளித்த தீர்ப்பு, தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுவதுமோ பாழானதைக் குறிப்பிடுகிறது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் உறுதியாக நிலைபெற்றது நம் ஊர் வழக்கால்தான். இந்தத் தொழில் லட்சக்கணக்கானோருக்குச் சோறு போடுகிறது என்பதையும் நான் மறக்கவில்லை. ஆம்பூர்ப் பெண்கள் ஷூ கம்பெனிக்குப் போகும் வண்டிகள் காலையில் நெடுஞ்சாலையை நிறைத்துக்கொண்டு போவதைப் பார்த்தவன் தொழிலை மூடு என்று சொல்ல மாட்டான். ஆனால் கடலுக்கு நடுவில் இருந்தவர்கள் காப்பாற்றிய நல்ல தண்ணீரைக் கடலே இல்லாத நாம் இழந்தோம் என்பதை எழுதாமல் விட முடியவில்லை.

பாலாற்றில் கீழ்மடையில் இருக்கும் எங்கள் ஏரிக்கு வாலாஜா அணைக்கட்டிலிருந்துதான் கால்வாய் வருகிறது. மேலே என்ன கலந்தாலும் அது எங்களுக்கு வரும். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிறையும்; கோடையில் நடுமேடுகள் தலைகாட்டி மாடு மேயும். ஆண்டுக்கு ஒருமுறை வருகிற ஓதம் போல எங்கள் வாழ்க்கை அதற்குப் பழகியிருக்கிறது. கொலாபாவில் ஓதத்தின் நேரத்தைத் திதி சொல்கிறது. இங்கே அதை மழையும், அணைக்கட்டில் கதவைத் திறப்பவரும், கால்வாயில் மண்டிய வேலிக்காத்தான் முள்ளும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

வேலூர் அகழியின் கதையும் அப்படித்தான். 2021 வடகிழக்குப் பருவமழையில் அகழி நிரம்பி, தண்ணீர் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் புகுந்து தேங்கியது. பக்தர்கள் கணுக்கால் நனைய நடந்தார்கள். அன்று எல்லோரும் மழையைப் பேசினார்கள். மழை நானூறு ஆண்டுகளாகப் பெய்கிறது. மட்டம் ஏறும்போது அகழியைக் கோயிலுக்குக் கீழே வைத்திருக்கும் வழிகள் பழைய ஆட்களுக்குத் தெரிந்திருந்தன; அந்த வழிகள் ஊர் வளர்ந்ததில் தூர்ந்தும் மறைந்தும் போயின. கொலாபாவில் இந்தச் சிக்கல் வராது. கடலுக்கு யாரும் தூர்வார வேண்டியதில்லை. மதிலில் ஒரு கல் சரிந்தால் தூக்கி வைத்தால் போதும்.

வேலூர்க் கோட்டையின் மதிலும் அகழியும் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கின்றன. சூரியகுண்டத்திலிருந்து அகழிக்கு வரும் வழியும், அகழியிலிருந்து பாலாற்றுக்குப் போகும் வழியும் ஊருக்குள், வீடுகளுக்கும் கடைகளுக்கும் அடியில். வேலூர்க் கோட்டையின் தொல்லெச்சம் என்று பட்டியல் போடுகிறவர்கள் அந்த இரண்டு வழிகளையும் அதில் சேர்த்து, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அளந்து, அகழியின் பழைய நீர்மட்டம் எந்தக் கல்வரிசை வரை இருந்தது என்று மதிலில் குறித்து, கோட்டை வாசலில் ஒரு வரைபடமாக வைக்க வேண்டும். தூர்வாரும் பணம் ஒதுக்கும்போது பொதுப்பணித் துறையும் மாநகராட்சியும் தொல்லியல் துறையும் பார்த்துக்கொள்ள வேண்டிய தாள் அந்த ஒன்றுதான்.